மகாராஜகடையிலிருந்து தங்கவயல் வரை: பாறையைப் பிடித்துக்கொண்டே ஒரு கார் பயணம்

கிருஷ்ணகிரியிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சொந்த வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வர நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர், மாலூர் என்று நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். மகாராஜகடை வழியாகக் குப்பம் போய், அங்கிருந்து வடக்கே ஏறுங்கள். தூரம் குறைவு என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது: தங்கத்தைத் தாங்கிய பாறை நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. அதை வாலிலிருந்து தலை வரை பார்த்துக்கொண்டே போகலாம்.

நான் பர்கூர் பக்கம் கிரானைட் தொழிலில் இருப்பவன். குவாரியில் பிளாக் பார்த்து வாங்குவது, கேங் சா-வில் (பிளாக்கைப் பலகைகளாக அறுக்கும் இயந்திரம்) ஏற்றுவது, ஸ்லாபைத் தரம் பிரிப்பது என்று பிழைப்பு முழுக்கக் கல்லோடுதான். அதனால் இந்த விமர்சனம் கல்லைப் பார்க்கிறவனின் விமர்சனமாகத்தான் இருக்கும். கூட வந்தவர்கள் என் மனைவியும் பெரியப்பாவும். பெரியப்பா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அது மூடப்படும் வரை வேலை பார்த்தவர். டூர் ஏற்பாடு, வழிகாட்டி, நுழைவுச்சீட்டு என்று எதுவும் கிடையாது. நாமே வண்டி ஓட்டி, நாமே கேட்டுத் தெரிந்துகொண்டு பார்க்கிற பயணம் இது. போகிற தூரம் 70, 80 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி சுற்று வட்டாரத்தில் எடுக்கும் கல்லை வெளிநாட்டில் 'பாரடைசோ' என்று கேட்டு வாங்குவார்கள். ஊதாவும் ரோஜா நிறமும் கறுப்பும் கலந்து அலை அலையாக ஓடும். ஒரு காலத்தில் பூமிக்கடியில் சூட்டில் பாதி உருகிக் குழைந்து, பிறகு இறுகிய பாறை அது. ஊரை விட்டுக் கிளம்பும்போது சாலையோரத்தில் தலைநீட்டும் பாறை எல்லாம் ஏறக்குறைய இந்த ஜாதிதான். மகாராஜகடையைத் தாண்டி மலையோரமாகப் போகப் போக நிறம் மாறுவதைக் கவனியுங்கள். வண்டியை ஓரங்கட்டி, ரோடு போட வெட்டிய சரிவில் கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். காய்ந்திருந்தபோது சும்மா சாம்பல் நிறம். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்ததும் கரும்பச்சை எழுந்து வந்தது. ஊசி ஊசியாக மினுக்கும் பொடி மணிகள். கல்லின் உண்மையான முகம் நனைத்தால்தான் தெரியும். பாலீஷ் போட்டால் எப்படி வரும் என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற வேலை இது. அந்தக் கரும்பச்சைக் கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளையும் நீலச்சாம்பலுமாக மெல்லிய கோடு ஓடினால் அது குவார்ட்ஸ் என்ற படிகக் கல். தங்கவயலில் தங்கம் உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்ட குவார்ட்ஸ் ரீஃபுகளில், அதாவது பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் பட்டைகளில்தான்.

புவியியல்காரர்கள் இதைக் கோலார் சிஸ்ட் பட்டை என்கிறார்கள். சிஸ்ட் என்பது தகடு தகடாகப் பிரியும் பாறை. தெற்கு வடக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். கர்நாடகத்தில் அகலமாக இருந்து, ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, நம் மாவட்டத்துக்குள் வந்து மெலிந்து முடிகிறது. மூன்று மாநிலங்களும் தொட்டுக்கொள்கிற இந்த மூலையில் பிறந்தவர்கள் பலருக்குக் காலுக்கடியில் இப்படி ஒரு பாறை ஓடுவது தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி இந்தச் சாலையில் கூட்டிக்கொண்டு போனாலே போதும், ஒரு பாடம் முழுக்க நடத்திவிடலாம்.

குப்பத்தில் டிபன் சாப்பிடலாம். திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். கடைக்காரர் ஒரே மூச்சில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் பேசுவார். அங்கிருந்து வடக்கே, பிசாநத்தம், சிகர்குண்டா பக்கம் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. தங்கவயலை நடத்திய அதே அரசு நிறுவனம்தான் இவற்றையும் நடத்தியது. அங்கே மூடியதும் இங்கேயும் நின்றது. சாலையிலிருந்து பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயரைத் தெரிந்துகொண்டு கடந்து போனால் போதும், உள்ளே தேடிப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தங்கவயலின் முதல் காட்சி சைனைட் மலைகள். மரம் செடி அதிகம் இல்லாமல், வெளிறிய மஞ்சளும் சாம்பலுமாக, மேல்பகுதி தட்டையாக, பக்கவாட்டில் மழைத்தண்ணீர் அறுத்த ஓடைகளோடு நிற்கும். ஊர்க்காரர்கள் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவை மலைகள் இல்லை. சுரங்கத்திலிருந்து ஏற்றிய பாறையை மில்லில் நொறுக்கி, மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் போட்டால் தங்கம் மட்டும் கரைந்து வரும். மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தவை இவை. எங்கள் பாலீஷ் ஃபேக்டரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் கல் குழம்பு போலவே இருக்கிறது அந்த மண், அளவுதான் நினைத்துப் பார்க்க முடியாதது: 13 திட்டுகள், மொத்தம் சுமார் 3.3 கோடி டன். ஒவ்வொரு பிடி மண்ணும் யாரோ ஒருவர் கீழே இறங்கி உடைத்துக் கொண்டுவந்தது.

இந்தத் திட்டுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் தங்கியிருக்கிறது. அதை மறுபடி பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024இல் ஒப்புதல் கொடுத்தது. வேலை ஆரம்பித்தால் இந்த உருவம் மாறிவிடும். பார்க்க வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மேலே ஏறாதீர்கள், பிள்ளைகளை அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள். சினிமா பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள் உச்சியில் நின்று படம் எடுப்பதைப் பார்த்தோம். பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கிப் போய், "தம்பி, இறங்கி வாங்கப்பா, அது விஷ மண்ணு" என்று சத்தம் போட்டார். அவர்கள் இறங்கி வந்ததும் அரை மணி நேரம் அவரைச் சுற்றி நின்று கதை கேட்டார்கள்.

அந்த அரை மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. சுரங்கத்துக்குள் இப்போது யாரும் போக முடியாது. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றதும் அடியெல்லாம் நீர் நிறைந்துவிட்டது. மேலே ஷாஃப்டுகளின், அதாவது செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழிகளின், இரும்புக் கோபுரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், அதுதான் பாதுகாப்பும். ஆகவே இந்த ஊரில் கீழே இருந்ததை உங்களுக்குக் காட்டக்கூடியவர்கள் அங்கே வேலை செய்தவர்கள் மட்டும்தான்.

பெரியப்பா சொன்னதை இங்கே கொஞ்சம் எழுதுகிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே கேஜில் (ஆளை இறக்கும் இரும்புக் கூண்டில்) அவ்வளவு தூரம் இறங்க முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொரு ஷாஃப்டின் கேஜில் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். அடி லெவலில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். இடுப்பில் ஒரு துணி, தலையில் விளக்கு, கையில் தண்ணீர். துளை போடும்போது எழும் தூசி நெஞ்சில் போய் உட்காரும். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இருமி இருமியே போனவர்களின் பெயர்களை அவர் தெரு வாரியாகச் சொன்னார்.

எனக்கு நெஞ்சை அடைத்தது ஏர் பிளாஸ்ட், அதாவது அடியில் பாறை திடீரென வெடிப்பது பற்றிச் சொன்னபோது. குவாரியிலும் சில நாள் பாறை தானாக டொக்கென்று விரிசல் விடும் சத்தம் கேட்கும். மேலிருந்த பாரத்தை எடுத்துவிட்டால் கல் நெகிழ்கிறது, அவ்வளவுதான், பிளாக் வீணாகும் என்று கவலைப்படுவோம். மூன்று கிலோமீட்டர் அடியில் அதே விஷயம் வேறு மாதிரி. மேலே இருக்கும் மலையளவு பாறையின் மொத்த அழுத்தமும், நடுவில் குடைந்த வெற்றிடத்தைப் பார்த்து நெருக்குகிறது. தாங்க முடியாத ஒரு கணத்தில் சுவர் அப்படியே வெடித்துச் சிதறும். ஊரில் வீட்டுப் பாத்திரம் உருளும். அதிர்வு வந்ததும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்களாம். "யாரு ஷிஃப்டுன்னு கேட்டுக்கிட்டே ஓடுவாங்க" என்றார் பெரியப்பா. அந்தக் கூட்டம் நின்ற இடத்தையும் காட்டினார். இப்போது அங்கே முள்செடி.

பெரியப்பா மாதிரி ஒருவர் உங்களுக்கு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தங்கவயல் தமிழ் ஊர். மாநிலம் கர்நாடகம், பலகைகளில் கன்னடமும் ஆங்கிலமும், ஆனால் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் எங்கே இறங்கினாலும் தமிழிலேயே பேசலாம். பழைய சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து, அதாவது இன்றைய நம் ஊர்களிலிருந்தும் திருப்பத்தூர், வேலூர் பக்கமிருந்தும் போன குடும்பங்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள், பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஓடியவர்கள். டீக்கடையில் உட்கார்ந்து "எங்க சொந்த ஊரு பர்கூருங்க" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கிருஷ்ணகிரியில் தன் தாத்தாவின் கிராமத்துப் பெயரைச் சொல்லுவார்.

அந்தக் குடும்பங்கள் சுரங்கம் மட்டும் தோண்டவில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு இங்கே வாசகர்கள் இருந்தார்கள். அவர் மறைந்த பிறகு அவரது எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றியதில் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. தட்டி வீட்டில் இருந்துகொண்டு, ஷிஃப்ட் முடிந்து வந்து, பத்திரிகை வாங்கிப் படித்த மனிதர்கள். வெள்ளைக்காரர்களின் பங்களாக்களையும் கிளப்பையும் பார்த்து 'குட்டி இங்கிலாந்து' என்று வியக்கிற பயணிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். பங்களாவைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் ஒற்றை அறை லைன் வீடுகளின் தெருவிலும் நடங்கள். அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்பதை மறக்காமல் நடங்கள். 'பேய் ஊர்' என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். விடியற்காலையில் பெங்களூர் ரயிலுக்குக் கூட்டம் கூட்டமாக ஓடுகிறவர்களைப் பார்த்தால் அப்படி எழுதக் கை வராது. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான்.

வரலாற்றை வரிசைப்படுத்திக்கொண்டு போனால் பார்ப்பது எல்லாம் புரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி 1802இல் இந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்தார். அவர் எழுதி வைத்ததைப் பல வருஷம் கழித்துப் படித்துவிட்டு வந்தவர் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், ஆனால் பணம் போதவில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் வேலை பெரிதானது. 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசிடம் போனது, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. மொத்தத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை மேலே ஏற்றினால் கிடைத்தது 3 கிராம் அளவுக்குத்தான். கல் வியாபாரம் செய்கிறவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அவ்வளவு ஆழத்திலிருந்து ஏற்றும் கூலிக்கே கட்டுப்படியாகாது.

இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, மின்சாரம். காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூருக்கு 1905இல்தான் விளக்கு எரிந்தது. இன்னொன்று, நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை உலகத்தில் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று தங்கவயல், 1965இல். மற்ற துகள்களை எல்லாம் மேலே இருக்கும் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். அதற்காகத்தான் விஞ்ஞானிகள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். அந்தக் கருவிகளையும் இறக்கி வைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகள்தான் என்று பெரியப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

குறைகளும் இருக்கின்றன. நாங்கள் போன வழியில் எந்த ஷாஃப்ட் எது, எவ்வளவு ஆழம், எந்த வருஷம் என்று சொல்லும் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு தொழிலுக்கு, அதில் செத்தவர்களுக்கு, வழிப்போக்கன் நின்று படிக்க ஒரு வரி வேண்டாமா? கைப்பேசி வரைபடமும் பாதி இடத்தில் உதவாது. பழைய கம்பெனிச் சாலைகளில் சில பாதி வழியில் வேலியில் போய் முடிகின்றன. கூட வரும் பெண்களுக்குக் கழிப்பறை வசதி ராபர்ட்சன்பேட்டையில் ஏதாவது நல்ல ஓட்டலில்தான், அதை நினைவில் வைத்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரில் போகிறவர்கள் பர்மிட்டை முதலிலேயே கேட்டுவிடுங்கள், இரண்டு மாநில எல்லைகள் தாண்டுகிறோம். சொந்த வண்டி, வெள்ளை நம்பர் பிளேட் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

சாப்பாடு ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட் சுற்றியே கிடைக்கும், நம் ஊர்ச் சாப்பாடுதான். மார்க்கெட்டையே ஒரு சுற்று நடந்து வரலாம். ரயில் ஆசை உள்ளவர்கள் யாராவது ஒருவரை வண்டியோடு அனுப்பிவிட்டு, மாரிக்குப்பத்தில் ஏறிப் பங்காருப்பேட்டையில் இறங்குங்கள். சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று நிலையங்களின் பெயர்களே சுரங்கங்களின் பெயர்கள். 1894இல் போட்ட பாதை. மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. குப்பம் வரை இணைக்கும் திட்டம் நிறைவேறினால் நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி. பங்காருப்பேட்டையில் பானிபூரி சாப்பிடாமல் வராதீர்கள். தண்ணீர் நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் காரம் சுள்ளென்று ஏறும். என் மனைவிக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பலர் தங்கவயல் போனேன் என்றால் அங்கே மட்டும் போய் வந்திருப்பார்கள். நேரம் இருந்தால் பாருங்கள், ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் சுரங்கப் பக்கம் அவசரமாகிவிடும். நாங்கள் போகவில்லை.

திரும்பும்போது பங்காருப்பேட்டையிலிருந்து பூதிகோட்டை வழியாக வேப்பனப்பள்ளிக்கு இறங்கினோம். பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர், கோட்டை மிச்சம் இருக்கிறது. கிராமத்துச் சாலை, சில இடங்களில் குறுகல், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டியிருக்கும். மாலை வெயிலில் ஓட்ட இதமாக இருக்கும், ஆனால் இருட்டிய பிறகு வேண்டாம். வேப்பனப்பள்ளி, மகாராஜகடை இரண்டு பக்கமும் யானை நடமாட்டம் உள்ள காட்டோரம்.

காற்று பலமாக அடிக்கும் வறண்ட மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். திட்டுகளிலிருந்து தூசி எழுந்து ஊர் முழுக்கப் பரவும், கண்ணும் தொண்டையும் எரியும். மழை நின்ற பிறகு, மார்கழி தை வாக்கில் போவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களைக் கூட்டிப் போனால் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், திண்ணையில் பெரியவர்களும் இருப்பார்கள், பேச ஆள் கிடைக்கும்.